கட்டாயப் புலம்

ஜெலுத்தோங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையம்,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
அங்கே ஒரு டேப்லட்,
உறை கிழிந்தது, மூலையில் கண்ணாடி வெடித்தது.
அதில் ஓடும் படிவம் நான் எழுதியது.

பெயர், ஐசி எண், எடை, ரத்த வகை,
வாரத்தில் எந்த மூன்று நாள்,
அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்.
கீழே 'அனுப்பு'.
தொட்டால் எல்லாம் ஒரே பொட்டலமாகி
பினாங்குப் பாலத்தடிக் கடலைத் தாண்டி
சைபர்ஜெயாவில் ஒரு குளிர் அறைக்குள்
அட்டவணையின் ஒரு வரிசையாகப் போய் உட்காரும்.
அரை நொடி.
மழை என்றால் மூன்று.

முதல் வாரமே தகராறு.
ஏ/எல் என்பதன் நடுவில் சாய்ந்து நிற்கும் கோட்டை
விஷமம் என்று நினைத்துத் திருப்பியனுப்பியது என் விதி.
தகப்பன் பெயரோடு வந்த நம்மவர் எல்லாரும்
வாசலிலேயே நின்றார்கள்.
என் ஐசியிலும் அதே கோடுதான்.
சோதனைக்கு நான் போட்ட பெயர்கள்
ஏபிசி, ஏஏஏ.
திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் கண்ணில் பட்டது:
பதினோரு வரிசையில் ஒரே கைப்பேசி எண்.
ஓங் சியூ லானுக்கு அதே.
ஹாலிமா பிந்தி சாஅட்டுக்கு அதே.
அமிர்தலிங்கம் ஏ/எல் சின்னப்பையனுக்கும்
நாற்பத்தேழில் முடியும் அதே எண்.

ஒருவரை அனுப்பிய பிறகும் பெட்டி காலியாகாமல்
அவர் எண் அடுத்தவர் தலையில் ஏறுகிறது
என்று முடிவுகட்டி
பாயான் பாருவில் என் பிளாட்டில்
விடிய விடிய என் எழுத்தையே படித்தேன்.
கோப்பி ஓ ஆறி, மேலே எறும்பு மிதந்தது.
பெட்டி காலியாகிறது. ஒவ்வொரு முறையும்.

பிறகுதான் வருகைப் பதிவைத் திறந்தேன்.
ஹாலிமாவுக்கு நான்கு முயற்சி.
9:14 காலி. மறுப்பு.
9:14 ஒரு சிறு கோடு. மறுப்பு.
9:16 'தியாடா', இல்லை என்று மலாயில்.
எண் மட்டுமே ஏற்கப்படும். மறுப்பு.
9:21 அந்த எண். ஏற்பு.

இடையில் ஐந்து நிமிடம்
அந்த மேல்மாடியில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று
எந்த வரியிலும் இல்லை.
எண்ணைச் சுழற்றினேன்.

"சொல்லுங்க, யாருக்கு என்ன ஆச்சு?"
எடுத்த எடுப்பில் கேட்டது குரல்.
பின்னால் ஒரு இயந்திரம் விட்டு விட்டுக் கத்தியது.
மிஸி புஷ்பலீலா.
நான் யாரென்று சொன்னேன்.

"ஓ, ஃபார்ம் செஞ்ச தம்பியா?
காலியா விட்டா போக மாட்டேங்குதே,
செவப்பு நட்சத்திரம் காட்டுது.
அந்தம்மாவுக்கு ஒரு மகன், ஜொகூர்ல.
நம்பர மாத்திட்டான்.
சியூ லானுக்கு அதுவும் இல்ல.
நான் என்னத்தப் போட?
இருங்க, ஊசி எடுக்கணும்."
வைத்துவிட்டார்.

தரவுத்தளத்தில் வெறுமை இரண்டு வகை.
விவரம் இன்னும் வரவில்லை என்பது ஒன்று.
கேட்டாயிற்று, யாருமில்லை என்பது இன்னொன்று.
இரண்டுக்கும் கதவடைத்து
ஒரே சொல் எழுதியிருந்தேன்: கட்டாயம்.
எழுதிய நாள் நினைவில்லை.
மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக இருக்கலாம்.

வியாழன் இரவு நட்சத்திரத்தைப் பிடுங்கினேன்.
காலியாக வந்தாலும் வாங்கிக்கொள் என்று
சைபர்ஜெயாவுக்கும் சொல்லிவைத்தேன்.
மிஸிக்கு ஒரு செய்தி:
இனி உங்கள் எண்ணைப் போட வேண்டியதில்லை.
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

வெள்ளி காலை 8:50. நல்ல மழை.
மூன்று நொடி எடுத்து
ஒரு புது வரிசை வந்து சேர்ந்தது.
குணவதி ஏ/பி சன்னாசி.
ஐம்பத்திரண்டு கிலோ. ஓ பாசிட்டிவ்.
திங்கள், புதன், வெள்ளி.
ஒரே முயற்சி.
அவசரத்துக்கு,
நாற்பத்தேழில் முடிகிறது.